டெக்சாஸ் கிராமத்துல வீடு கட்டணும், செப்டிக் பெர்மிட்ல மாட்டிக்கிட்டேன் – வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஆறு_ஏக்கர்:
வணக்கம் மக்களே. இவ்ளோ நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு போறவன், இப்ப கழுத்துக்கு வந்ததும் எழுத வந்துட்டேன். ஆஸ்டின்ல வேலை, பதினோரு வருஷமா சப்டிவிஷன் வீடு, பக்கத்து வீட்டுக்காரர் தும்முனா எங்க வீட்ல ஆயுசு நூறுன்னு சொல்ற தூரம். போதும்டா சாமின்னு போன வருஷம் கிழக்கால ஒரு மணி நேரம் தள்ளி ஆறு ஏக்கர் வாங்கிப் போட்டேன். கவுண்ட்டி பேர் வேணாம், சின்ன கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). வித்த ஏஜென்ட் சொன்னது, சிட்டி லிமிட்டுக்கு வெளிய சார், இங்க பில்டிங் பெர்மிட்டே கிடையாது, நாளைக்கே ஆளை கூட்டிட்டு வந்து அஸ்திவாரம் தோண்டலாம்னு. நானும் சரின்னு பிளான் எல்லாம் வரைஞ்சு, பேங்க்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் லோனுக்கும் பேசிட்டு, எதுக்கும் ஒரு எட்டு கேட்டு வச்சுப்போம்னு கவுண்ட்டி ஆபீஸ் போனேன்.

கவுண்ட்டர்ல ஒரு பெரியம்மா. பில்டிங் பெர்மிட்டா, அது இங்க இல்லையேன்னு சிரிச்சாங்க, எனக்கு பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. அடுத்த நிமிஷமே, ஆனா செப்டிக் பெர்மிட் வேணும், டெவலப்மென்ட் பெர்மிட் வேணும், ரோட்டுல இருந்து உள்ள போக டிரைவ்வே பெர்மிட் வேணும், 911 அட்ரஸ் வாங்கணும்னு ஒண்ணொண்ணா எடுத்து வச்சாங்க. சரி அதையும் பாத்துக்கலாம்னு பத்திரத்தை நீட்டுனேன். கம்ப்யூட்டர்ல மேப்பை இழுத்து இழுத்து பாத்துட்டு, "இந்தத் துண்டு பிளாட் ஆகலையேப்பா"ங்குறாங்க. பிளாட்னா (plat) நெலத்தைப் பிரிச்சதைக் காட்டி கவுண்ட்டி ஒப்புதலோட பதியுற வரைபடமாம், நம்மூர் லேஅவுட் அப்ரூவல் மாதிரி. மொத்தம் 24 ஏக்கரா இருந்த ராஞ்சை நாலா அறுத்து வித்திருக்காங்க, கவுண்ட்டில பிளாட் பதியாமலே. பிளாட் இல்லாம செப்டிக் அப்ளிகேஷனையே வாங்க மாட்டாங்களாம். பத்திரம் என் பேர்ல இருக்கு, டாக்ஸ் என் பேர்ல கட்டுறேன், டைட்டில் இன்ஷூரன்ஸும் இருக்கு. அப்புறம் என்னங்க பிரச்சனை?? ராத்திரி தூக்கம் போச்சு.

டல்லாஸ்_மாப்ள:
ஹாஹா சிரிக்கக் கூடாதுதான் ப்ரோ, ஆனா இது அப்படியே நம்மூர் அன்அப்ரூவ்டு மனை கதை. 2016ல ஹைகோர்ட்டு அங்கீகாரம் இல்லாத மனைய பதியாதேன்னு தடை போட்டப்ப எங்கப்பா வாங்கி வச்சிருந்த ரெண்டு மனையும் நடுத்தெருவுல நின்னுச்சு. அப்புறம் 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி பிரிச்ச மனைன்னா பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு ரூல் வந்துச்சு, அதுக்கு எங்கப்பா அலைஞ்ச அலைச்சல் இருக்கே. அமெரிக்கா வந்தும் பத்திரம் வேற, அப்ரூவல் வேறங்குறது மாறல பாருங்க.

செப்டிக்_சித்தப்பா:
தம்பி பதறாதீங்க, இது தீராத வியாதி இல்ல. நான் சான் அன்டோனியோ பக்கம் ரெண்டு இடத்துல கட்டி முடிச்சவன், இந்தப் பட்டப்பேரே அப்படி வந்ததுதான்.

மொதல்ல ஏஜென்ட் சொன்னது பாதி நெசம். டெக்சாஸ்ல கவுண்ட்டிக்கு ஜோனிங் (எந்த எடத்துல என்ன கட்டலாம்னு பிரிக்கிறது) போடுற அதிகாரம் பொதுவா கிடையாது, சட்டசபை குடுக்கல. சிட்டிக்கு உண்டு, கவுண்ட்டிக்கு இல்ல. அதனால உங்க வீடு மூணு மாடியா, தகரக் கொட்டாயா, பச்சையா, மஞ்சளா, யாரும் கேக்க மாட்டாங்க. வீட்டை விட்டுட்டு மத்ததை எல்லாம் கேப்பாங்க. கழிவுத்தண்ணி எங்க போகுது, வெள்ளம் வந்தா எங்க நிக்கும், ரோட்டு ஓரத்து வாய்க்காலை அடைக்கிறியா, ஆம்புலன்ஸ் வந்தா உன் வீட்டை எப்படி கண்டுபிடிப்பான். அவங்க அக்கறை பூரா அதுல.

இப்ப பிளாட் விஷயம். நெலத்தை பிரிச்சு ஒவ்வொரு துண்டும் பத்து ஏக்கருக்கு மேல இருந்து, உள்ள புது ரோடும் போடலன்னா பிளாட் தேவையில்லன்னு மாநில சட்டத்துலயே விதிவிலக்கு இருக்கு. அதனாலதான் விளம்பரம் பூரா 10.1 ஏக்கர், 10.05 ஏக்கர்னு வரும், கவனிச்சிருப்பீங்க. சொந்தபந்தத்துக்கு பிரிச்சுக் குடுத்தாலும் விலக்கு உண்டு. உங்களுது ஆறு ஏக்கர், அந்நியன்கிட்ட வாங்குனது, ரெண்டுலயும் வராது. டைட்டில் இன்ஷூரன்ஸை நம்பி பிரயோஜனமில்ல, சப்டிவிஷன் சட்டத்தை மீறுனது எல்லாம் அந்த பாலிசில பொதுவா விலக்கி வச்சிருப்பாங்க, சின்ன எழுத்துல இருக்கும், படிச்சுப் பாருங்க.

ரெண்டு கேள்வி: தண்ணிக்கு லைன் வருதா, போர் போடணுமா? மத்த மூணு துண்டை வாங்குனவங்க யாருன்னு தெரியுமா?

ஆறு_ஏக்கர்:
ரொம்ப நன்றி சித்தப்பா (கூப்பிடலாம்ல?). தண்ணிக்கு ரோட்டு ஓரமா வாட்டர் சப்ளை கார்ப்பரேஷன் லைன் போகுது, மீட்டர் குடுக்குறோம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. மத்த மூணு பேர்ல ஒருத்தரைத்தான் தெரியும், ரிட்டயர்டு வெள்ளைக்காரர், ஆர்வி (வீடு மாதிரி இருக்குற வண்டி) போட்டு அதுல இருக்கார். அவருக்கு இந்தக் கதையே தெரியாது.

ஹூஸ்டன்_தாதா:
எதுக்கு இவ்ளோ பில்டப்? எங்க ஆபீஸ் ஆளு ஒருத்தர் பெர்மிட் எதுவுமே வாங்காம பார்ண்டோமினியம் (தகரக் கொட்டாய் மாதிரி வீடு) எழுப்பி, ஜம்முனு அஞ்சு வருஷமா இருக்கார். டேங்கை புதைச்சா யாருக்கு தெரியும்? கிராமத்துல யாரு வந்து பாக்கப் போறா? பேசாம கட்டுங்க பாஸ், கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்.

பொன்னி_அரிசி:
தாதா, கிராமத்துலதான் எல்லாரும் பாப்பாங்க! எங்க வீட்டு டிரைவ்வேக்கு ஒரு லோடு கல்லு வந்து எறங்குன சாயந்தரம் ரெண்டு மைல் தள்ளி இருக்குற பாட்டி பை (pie) பலகாரம் எடுத்துட்டு வந்து "என்ன கட்டுறீங்க"ன்னு கேட்டாங்க (பை நல்லாத்தான் இருந்துச்சு). தவிர எங்க கரண்டு கோ-ஆப் செப்டிக் பெர்மிட் நம்பர் இல்லாம பெர்மனன்ட் மீட்டர் வைக்க மாட்டேன்னுட்டாங்க. லோன் குடுக்குற பேங்கும் கேக்கும். கைக்காசு போட்டு ஜெனரேட்டர்ல வாழறவங்களுக்கு வேணா உங்க ஐடியா சரிப்படும். விக்கும்போது என்ன பண்ணுவாராம் உங்க நண்பர்?

ஹூஸ்டன்_தாதா:
அவரு பத்து ஏக்கர் வச்சிருக்கார் மேடம். பத்து ஏக்கருக்கு மேலன்னா செப்டிக் பெர்மிட்டே வேணாம்னு சட்டமே இருக்கு, தெரியாம பேசாதீங்க.

செப்டிக்_சித்தப்பா:
> பத்து ஏக்கருக்கு மேலன்னா செப்டிக் பெர்மிட்டே வேணாம்

இருக்கு, ஆனா அது பாதி வாக்கியம். பத்து ஏக்கரோ அதுக்கு மேலயோ, ஒரே குடும்பம் இருக்குற வீடு, சிஸ்டத்தோட எந்தப் பாகமும் எல்லைல இருந்து 100 அடிக்குள்ள இருக்கக் கூடாது, தண்ணி உங்க நெலத்துக்குள்ளயே முடியணும், யாருக்கும் தொந்தரவு ஆகக் கூடாது. இத்தனையும் சரியா இருந்தாத்தான் மாநில விதில விலக்கு. அதுக்கு மேல கவுண்ட்டி தன்னோட ஆர்டர்ல இந்த விலக்கையே தூக்கிடலாம், நிறைய கவுண்ட்டி தூக்கிடுச்சு. எங்க கவுண்ட்டில நூறு ஏக்கர் வச்சிருந்தாலும் பெர்மிட் வேணும். ஆறு ஏக்கர்காரருக்கு இந்தப் பேச்சே தேவையில்ல, விடுங்க.

தம்பி, நீங்க செய்ய வேண்டியது: ஒரு லைசென்ஸ்டு சர்வேயரைப் பிடிங்க. அந்தக் கவுண்ட்டில வழக்கமா பிளாட் போடுற உள்ளூர் ஆளா இருக்கணும், ஆஸ்டின் ஆளு வேணாம், உள்ளூர்க்காரருக்குத்தான் அந்தப் பெரியம்மாவுக்கு எந்தத் தாளு எங்க இருக்கணும்னு தெரியும். நாலு பேரும் சேந்து பண்ணா செலவு பிரியும், சேரலன்னா உங்க துண்டை மட்டும் தனியா ஏத்துப்பாங்களான்னு கேளுங்க. டாக்ஸ் பாக்கி இல்லன்னு சர்டிஃபிகேட், கடன் குடுத்த பேங்கோட ஒப்புதல், வாட்டர் சப்ளைக்காரங்க லெட்டர் எல்லாம் கேப்பாங்க. போர் தண்ணிதான்னா நெலத்தடி நீர் இருக்குன்னு இன்ஜினியர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கச் சொல்லுவாங்க, லைன் இருக்கறதால தப்பிச்சீங்க. எல்லாம் முழுசா குடுத்துட்டீங்கன்னா 30 நாளைக்குள்ள முடிவு சொல்லியாகணும், 2019ல வந்த சட்டம். அந்த "முழுசா"ங்குற வார்த்தைலதான் மாசக்கணக்கு ஓடும்.

கடைசில கமிஷனர்ஸ் கோர்ட்ல ஒப்புதல் ஆகும். கோர்ட்டுன்னதும் வக்கீலைத் தேடாதீங்க, அது நம்மூர் யூனியன் கூட்டம் மாதிரி, நாலு கமிஷனர், தலைவருக்கு கவுண்ட்டி ஜட்ஜ்னு பேரு.

கரிசல்காரன்:
அண்ணாச்சி, பிளாட் வந்ததும் அடுத்த கூத்து மண்ணுதான், அதை நான் சொல்லுதேன். எனக்கு சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். இங்க வேக்கோவுக்கு தெக்க எடம் வாங்கி மொத மொத போய் எறங்குனப்ப மழ பெஞ்சு விட்டிருந்துச்சு, ரெண்டு எட்டு வைக்கதுக்குள்ள ஷூவுல அஞ்சு கிலோ மண்ணு. அடேய் இது நம்ம கரிசலுல்லான்னு கத்திட்டேன், வீட்டுக்காரி என்னமோ பாம்பக் கண்டுட்டேன்னு ஓடியாந்தா. இங்க பிளாக்லேண்டுன்னு சொல்லுதாங்க. ரெண்டும் ஒரே சாதி மண்ணுதான், வெர்டிசால்னு பேரு. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், ஆகஸ்ட்ல வெடிப்புக்குள்ள கைய விட்டா முழங்கை வரைக்கும் போகும்.

செப்டிக்குக்கு சைட் இவால்யுவேட்டர்னு லைசென்ஸ் உள்ள ஆளு வருவாரு. டிரெயின் ஃபீல்டு (டேங்க் தண்ணி மண்ணுல எறங்குத எடம்) வரப்போற எடத்துல ரெண்டு கடைசிலயும் ரெண்டு குழி. எங்களுக்கு வந்தவரு எழுபது வயசு இருக்கும், தொப்பி, வாயில பல்லுக்குச்சி. குழிக்குள்ள எறங்கி ஒரு கை மண்ண எடுத்து, பாட்டில்ல இருந்து ரெண்டு சொட்டு தண்ணி விட்டு நம்ம அம்மா பூரி மாவு பெசையுத மாதிரி பெசஞ்சாரு. அப்புறம் பெருவெரலுக்கும் ஆள்காட்டி வெரலுக்கும் நடுவுல வச்சு ரிப்பன் மாதிரி பிதுக்கிக்கிட்டே போனாரு. ரிப்பன் நீண்டுக்கிட்டே போகுது, ஒடையவே மாட்டேங்குது. ரெண்டு இஞ்சு தாண்டி தொங்குனதும் என்னையப் பாத்து தலைய ஆட்டுனாரு. களி, கிளாஸ் ஃபோர், தண்ணிய உள்ள விடாது. குழிச் சுவத்துல சாம்பல் நெறத்துல திட்டு திட்டா இருந்துச்சு, மழைக்காலத்துல தண்ணி அது வரைக்கும் ஏறி நிக்கும்னு அர்த்தமாம். முக்கா மணி நேரந்தான், சாதா செப்டிக் செலவுல வச்சிருந்த பட்ஜெட்டு போச்சு.

அப்புறம் ஏரோபிக்தான். டேங்குக்குள்ள காத்து ஊதி, குளோரின் போட்டு, ஸ்பிரிங்ளர்ல புல்லுக்கு அடிக்கும். மொத ரெண்டு வருஷம் போட்ட கம்பெனியே சர்வீஸ் பாக்கணும், நாலு மாசத்துக்கு ஒருக்கா ஆளு வந்து பாத்து கவுண்ட்டிக்கு ரிப்போர்ட் அனுப்புவான். ஒண்ணு சொல்லி வைக்கேன், குளோரின் மாத்திரை செப்டிக்குக்குன்னு இருக்குறத மட்டும் போடுங்க, நீச்சல் குளத்துக்குப் போடுதத மலிவா கெடைக்குன்னு போட்டுறாதீங்க. நான் போட்டேன். அதுல வாயு கெளம்புமாம், சர்வீஸ்காரப் பையன் மூடியத் தொறந்துட்டு என்னையத் திட்டுன திட்டு இங்கிலீஷ்ல எனக்கு புதுசு.

ஆறு_ஏக்கர்:
கரிசல் அண்ணே எங்க எடமும் கறுப்பு மண்ணுதான் 😭 அப்ப பவுண்டேஷனுக்கு?

கரிசல்காரன்:
ஜியோடெக் ரிப்போர்ட் (மண்ணு சோதன) எடுக்காம ஒரு மூட்ட சிமெண்டு எறக்காதீங்க. நான் போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்புதான் போட்டேன், உள்ள கேபிள் இழுத்துக் கட்டுத மாதிரி. நம்மூர்ல கரிசல் வீட்டுச் சுவரு மூலைக்கு மூலை வெடிச்சு நிக்கத பாத்து வளந்தவன், அதுல மட்டும் சிக்கனம் பாக்கல.

பொன்னி_அரிசி:
கூடவே இதையும் சொல்லிடுறேன். கவுண்ட்டில இன்ஸ்பெக்‌ஷன் இல்லைங்குறது கொண்டாட வேண்டிய விஷயம் இல்ல. சில கவுண்ட்டி தீர்மானம் போட்டு மூணு இன்ஸ்பெக்‌ஷன் கேக்கும், கான்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி, சுவத்தை மூடறதுக்கு முன்னாடி, கடைசில ஒண்ணு. அதுக்கும் ஆளை பில்டர்தான் கூட்டிட்டு வருவார், கவுண்ட்டி ஆள் வர மாட்டாங்க. எங்க கவுண்ட்டில அதுவும் இல்ல. அதனால நாங்களே காசு குடுத்து ஒரு இன்ஸ்பெக்டரை வச்சோம். ஊத்துறதுக்கு மொத நாள் வந்தவர், கேபிள்ல ஒண்ணு சேர்ல இருந்து (கேபிளைத் தூக்கிப் பிடிக்கிற சின்ன முட்டு) எறங்கி மண்ணுல படுத்துக் கெடக்குறதை காட்டுனார். பில்டர் "ஓ அதுவா"ன்னு சொல்லிட்டு தூக்கி வச்சார். நாங்க பாக்கலன்னா அப்படியே கான்கிரீட் மூடியிருக்கும்.

பே_ஏரியா_பாலா:
நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க. நான் கலிஃபோர்னியால சியர்ரா மலை அடிவாரத்துல கட்டுறேன், அதுவும் ரூரல் கவுண்ட்டிதான், ஆனா முழு பில்டிங் பெர்மிட், பிளான் செக், அதுல ஒரு பதினெட்டு கரெக்‌ஷன். கூரைல சோலார் கட்டாயம் (2020ல இருந்து), வீட்டுக்குள்ள ஃபயர் ஸ்பிரிங்ளர் கட்டாயம் (2011ல இருந்து), தீ அபாயப் பகுதிங்கறதால டிரைவ்வே எவ்ளோ அகலம், ஃபயர் இன்ஜின் எங்க திரும்பும், தண்ணித் தொட்டி எவ்ளோ பெருசு எல்லாம் கணக்கு. ஸ்கூலுக்கும் சதுர அடிக்கு இவ்ளோன்னு ஃபீஸ், எங்களுக்கு குழந்தையே இல்ல! ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு ஆணி அடிக்கல.

யாழ்_பனை:
நாங்கள் ஒன்டாரியோவில ஒரு கிராமத்துப் பக்கம் கட்டினனாங்கள். விண்ணப்பம் முழுசா இருந்தா வீட்டுக்கு 10 வேலைநாளுக்குள்ள பெர்மிட்டைத் தரோணும், இல்லாட்டி ஏன் இல்லையெண்டு எழுதித் தரோணும் எண்டது சட்டம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்கட காணிக்குப் பக்கத்தில மாட்டுக் கொட்டில் ஒண்டு இருந்தது. கொட்டிலில இருந்து வீடு இவ்வளவு தூரம் தள்ளி இருக்கோணும் எண்டு ஒரு கணக்கு இருக்கு, மாடு எத்தினை, சாணி எப்பிடி வைக்கினம் எண்டெல்லாம் பாத்து போடுறது. அதால வீட்டைக் காணியின்ர மற்றப் பக்கத்துக்கே கொண்டு போக வேண்டி வந்தது. மாடு முதல் வந்தது, நாங்கள் பிறகு வந்தனாங்கள், அதில கோவிக்க ஒண்டுமில்லை.

செப்டிக்_சித்தப்பா:
டெவலப்மென்ட் பெர்மிட்டுன்னு அந்தம்மா சொன்னது வெள்ளத்துக்காக. மறக்காம ஃபெமா (மத்திய அரசு பேரிடர் துறை) வெள்ள மேப்ல உங்க எடத்தைப் பாத்தீங்களா? நூறு வருஷ வெள்ளம்னா நூறு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு நெனைச்சுக்கறாங்க, ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்புங்குறதுதான் அர்த்தம். 30 வருஷ மார்ட்கேஜுக்கு கூட்டிப் பாத்தா நாலுல ஒண்ணுக்கு மேல. 2025 ஜூலை 4 விடியக்காலைல குவாடலூப் ஆறு கெர் கவுண்ட்டில பண்ணதுக்கு அப்புறம் நான் ஓடைப் பக்கம் எடம் பாக்குறவங்ககிட்ட இதைச் சொல்லாம விடறதில்ல. காஞ்ச ஓடையா இருந்தாலும் சரி.

ஆறு_ஏக்கர்:
பாத்தேன் சித்தப்பா, பின்னாடி மூலைல ஒரு ஏக்கர் ஜோன் ஏ-ல (வெள்ள அபாயப் பகுதி) வருது. வீடு முன்னாடிதான், மேட்டுல.

செப்டிக்_சித்தப்பா:
அப்ப சரி. மேடு எவ்ளோங்குறதை சர்வேயரையே குறிக்கச் சொல்லுங்க, எப்படியும் வரப்போறாரு. செப்டிக்கும் அந்த மூலைக்குப் போகாம பாத்துக்கங்க.

ஆறு_ஏக்கர்: *(ஏழு மாசம் கழிச்சு)*
மக்களே யாராவது இன்னும் இந்தப் பக்கம் இருக்கீங்களா? அப்டேட் போடாம போயிட்டா நல்லா இருக்காது.

பிளாட் ஆகிடுச்சு!! ஆர்வி தாத்தாவும் நானும் சேந்தோம், மூணாவது ஆளும் பின்னாடியே வந்துட்டார், நாலாவது ஆளு கலிஃபோர்னியா, எங்க மெயிலுக்கு பதிலே இல்ல. மூணு துண்டுக்கும் சேத்து பிளாட் போட கவுண்ட்டி ஒத்துக்குச்சு. உள்ளூர் சர்வேயரைப் பிடிக்கச் சொன்னீங்கல்ல, அந்த ஒரு யோசனைக்கே உங்க கால்ல விழணும் சித்தப்பா. ரெண்டு தடவை திருப்பி அனுப்புனாங்க, ஒரு தடவை பேங்க் கையெழுத்து இல்லன்னு, ஒரு தடவை யூட்டிலிட்டி ஈஸ்மெண்ட் (கரண்டு, தண்ணி லைனுக்கு விட வேண்டிய எடம்) அகலம் பத்தலன்னு. கமிஷனர்ஸ் கோர்ட்ல எங்க ஐட்டம் வந்தப்ப நான் டை எல்லாம் கட்டிட்டு போய் உக்காந்தேன், முன்னாடி முக்கா மணி நேரம் ஒரு ரோட்டுல கெடந்த குழியைப் பத்தி சண்டை, எங்களுது நாப்பது செகண்டுல முடிஞ்சுது. தாத்தா வெளிய வந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.

டிரைவ்வேக்கு எங்க ரோடு கவுண்ட்டி ரோடு, அதனால அந்த வட்டாரத்து கமிஷனரே வண்டியை ஓரம் கட்டிட்டு எறங்கி வாய்க்காலைப் பாத்து, 18 இஞ்சு பைப் போடுன்னு சொல்லிட்டு போயிட்டார் (அந்த கல்வெர்ட்டை எங்க அம்மா போன்ல கல்வெட்டுன்னே சொல்லிட்டு இருக்காங்க, யாரு பேரு செதுக்குறீங்கன்னு கேக்குறாங்க).

மண்ணு? கரிசல் அண்ணே, அதே ரிப்பன். எங்களுக்கு வந்தது ஒரு சின்ன வயசு பொண்ணு, மூணு இஞ்சுக்கு இழுத்துக் காட்டுச்சு. ஏரோபிக்தான். போன வாரம் பெர்மிட் கைக்கு வந்துச்சு, ஃபிரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு, வீடு கட்டற ஒரு ஏக்கரை அக்ரி வேல்யுவேஷன்ல (விவசாய நெலம்னு டாக்ஸ் கம்மியா போடுறது) இருந்து எடுத்தா பழைய வருஷ டாக்ஸ் கேப்பாங்கன்னு ஒருத்தர் பயமுறுத்துறார், எத்தனை வருஷத்துக்கு?

பொன்னி_அரிசி:
வாழ்த்துக்கள்!! மூணு வருஷம். 2019க்கு முன்னாடி அஞ்சு வருஷம் வட்டியோட இருந்துச்சு. வீடு நிக்கிற பகுதிக்கு மட்டும்தான், மிச்ச அஞ்சு ஏக்கர்ல விவசாயம் நிக்காம பாத்துக்கங்க. நாங்க தேனீ வச்சிருக்கோம், அஞ்சுல இருந்து இருபது ஏக்கருக்கு தேனீயும் கணக்குல வரும். உங்களுக்கு சரியா அஞ்சு மிஞ்சுதா, வீட்டுக்குன்னு ஒரு ஏக்கருக்கு மேல போயிடாம அளந்துக்கங்க.

ஆறு_ஏக்கர்:
நன்றிக்கா. கடைசியா ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீங்க. பிளான்ல சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரா ஸ்ப்ரே அடிக்குற எடம் வருது. தண்ணி சும்மாதானே போகுது, அங்க கறிவேப்பிலை, முருங்கை வைக்கலாம்னு வீட்ல ஆசைப்படுறாங்க.

செப்டிக்_சித்தப்பா:
கூடாது. சாப்பிடுற எதையும் அந்தத் தண்ணி விழற எடத்துல வளக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. புல்லு, சாப்பிடாத செடி, மரம்னா சரி.

கரிசல்காரன்:
கறிவேப்பிலைய தொட்டில வைங்க அண்ணாச்சி. எப்படியும் ஜனவரில வீட்டுக்குள்ள தூக்கிட்டுத்தான் போகணும். எங்க வீட்டுது 2021 பிப்ரவரி குளிர்ல செத்துப் போச்சு, இப்ப இருக்கது ரெண்டாவது. கன்னு வேணும்னா வேக்கோ பக்கம் வரும்போது சொல்லுங்க, அடில மூணு மொளச்சிருக்கு.

டல்லாஸ்_மாப்ள:
எனக்கு ஒண்ணு ரிசர்வ் பண்ணுங்க அண்ணாச்சி.